மெயினை அணைத்த பிறகும்

துணி துவைக்கும் மெஷினைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று ஊசியக்கா முதன்முதலில் சொன்னபோது அவள் கணவன் சிரித்தான்.

"தினமும் நீ நூறு பேரைக் குத்துற. உன்னை ஒரு மெஷினாவது குத்தட்டுமே" என்றான்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே குத்துவதால்தான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். காலையில் வரிசையில் வந்து உட்காருகிறவர்களின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்து, ஊசி ஏற்றுவாள். மதியத்துக்கு மேல் அதே ரத்தத்தைச் சோதித்து எண்களை எழுதுவாள். இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த இரண்டாவது வாரமே பிள்ளைகள் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாடிப்படியில் அவளைப் பார்த்தால் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு ஓடுவார்கள். கணவன் பஸ் டிரைவர். ஒரே மகளுக்கு ஆறு வயது, வீட்டில் பாப்பா.

கட்டடத்தில் ஆறு வீடுகள். தரைத்தளத்தில் ஓனரும் அவர் மனைவியும். எதிர்வீட்டில் ஒரு தையல்காரர் குடும்பம். மேலே இரண்டு மாடிகளில் நான்கு வீடுகள். ஊசியக்காவுக்கு இரண்டாவது மாடியில் இடது பக்கத்து வீடு. ஓனர் ரோடு போடும் கான்ட்ராக்ட் எடுத்து ஓய்ந்தவர். கட்டடத்தைத் தானே நின்று கட்டியதாகச் சொல்வார். வாடகை ஒப்பந்தம் ஒன்பது பக்கம் இருந்தது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மொட்டை மாடியில் பாய் காயப்போடக் கூடாது, படியில் செருப்பு விடக் கூடாது என்று எல்லாம் எழுதியிருந்தது. கரண்ட்டைப் பற்றி இருந்தது ஒரே வரி: பில் வாடகைக்காரர் பொறுப்பு.

மெஷின் சுருக்கென்று இழுப்பது தினமும் நடக்கவில்லை. சில நாள் தொட்டால் ஒன்றும் இருக்காது. சில நாள் எறும்பு கடித்தது போல இருக்கும். ஒரு நாள் முழங்கை வரை விறுவிறுத்தது. ஊசியக்கா கீழே போய் ஓனரிடம் சொன்னாள்.

"மெஷின் எத்தனை வருஷம்?" என்று கேட்டார்.

"ஆறு வருஷம் சார்."

"அப்புறம் என்னம்மா? பழைய மெஷினை வச்சுக்கிட்டு என் வயரிங்கைக் குறை சொன்னா எப்படி? ஈரக்கையோட தொடாதீங்க."

"துணி துவைக்கிற மெஷின் சார். ஈரக்கை இல்லாம எப்படித் தொடுறது?"

ஓனர் மறுநாள் கடைத்தெருவிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனை அனுப்பி வைத்தார். அவன் மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்தான். டெஸ்டரை மெஷின் மேல் வைத்தான். பிரிட்ஜ் மேல் வைத்தான். எரியவில்லை. மூன்று பின் பிளக்கைக் கழற்றி உள்ளே எர்த் ஒயர் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. "எல்லாம் பக்காவா இருக்கு. உங்களுக்குத்தான் உடம்புல சத்து இல்லபோல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிறகு வீடே ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டது. சமையலறை வாசலில் மூன்று ஜோடி ரப்பர் செருப்புகள் கிடக்கும். அதைப் போடாமல் உள்ளே போகக் கூடாது. பாப்பாவின் செருப்பில் மட்டும் ஒரு வாத்துப் படம். விருந்தாளி யாராவது வந்தால் டிரைவர், "ஷாக் அடிக்கும், செருப்பு போட்டுக்குங்க" என்று, காபிக்கு சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில் சொல்வான். அவர்களும் போட்டுக்கொள்வார்கள்.

ஊசியக்கா மட்டும் ஒரு நோட்டில் எழுதி வந்தாள். சோதனைக்கூடத்துப் பழக்கம். தேதி, மணி, எந்தப் பொருள், செருப்பு உண்டா இல்லையா, லேசா பலமா. இரண்டு மாதத்தில் நாற்பத்தோரு வரி சேர்ந்தது. அதில் முப்பத்தெட்டு, காலை ஆறிலிருந்து ஏழுக்குள்ளும் மாலை ஆறரையை ஒட்டியும். அந்த நேரத்தில் ஊர் முழுக்க கரண்ட் ஏற்ற இறக்கமாக இருக்கும், அதனால்தான் என்று அவளே ஒரு காரணத்தை முடிவு செய்துகொண்டாள். அந்த முடிவுக்காகத்தான் பின்னால் அவள் தன்னையே அதிகம் திட்டிக்கொண்டாள்.

மூன்றாவது மாதம் ஒரு விடுமுறை நாள் காலையில் அது நடந்தது. டிரைவர் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தான். பாப்பா குளித்துவிட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் குடிக்க ஓடினாள். செருப்புப் போடவில்லை. பிரிட்ஜின் கைப்பிடி இரும்பு.

பாப்பா கத்தவில்லை. தொண்டையில் எதையோ விழுங்குவது போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. ஊசியக்கா திரும்பிப் பார்த்தபோது பிள்ளை விறைத்து நின்றுகொண்டிருந்தாள். விரல்கள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன. கண் மட்டும் அம்மாவைப் பார்த்தது.

தொடக் கூடாது என்பது ஊசியக்காவுக்குத் தெரியும். நாலே எட்டில் கூடத்துக்கு ஓடி மெயின் சுவிட்சை அடித்துக் கீழே இறக்கினாள். விளக்கு அணைந்தது. மின்விசிறி சுற்று குறைந்து நின்றது. திரும்பி வந்தால், பிள்ளை இன்னும் அப்படியே நிற்கிறாள். விரல் விடவில்லை.

அந்த ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு நாற்காலியில் கிடந்த காய்ந்த போர்வையை எடுத்து, பிள்ளையின் இடுப்பில் வளைத்துப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து முழுப் பலத்தோடு பின்னால் இழுத்தாள். இருவரும் தரையில் விழுந்தார்கள். விழுந்த பிறகுதான் பாப்பா வாய்விட்டு அழுதாள்.

ஊசியக்கா தான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். இதயத் துடிப்பைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மதியம் வரை படுக்க வைத்திருந்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வலது கையில் இரண்டு விரல்களில் பயறு அளவுக்கு வெள்ளையாக வெந்திருந்தது, அவ்வளவுதான். டிரைவர் பஸ்ஸை வேறொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு, காக்கிச் சட்டையோடு ஓடி வந்தான்.

"அந்தப் பிரிட்ஜை இன்னைக்கே தூக்கிப் போட்டுர்றேன்" என்றான்.

"நான் மெயினை அணைச்சேங்க. அணைச்ச பிறகும் பாப்பா கை ஒட்டிக்கிட்டுதான் இருந்துச்சு."

"பதட்டத்துல வேற எதையாவது அமுக்கியிருப்ப."

"ஃபேன் நின்னுச்சு. நான் பார்த்தேன்."

"அப்படின்னா எப்படி?" என்று கேட்டான். அவளுக்கும் தெரியவில்லை.

தெரிந்தவர் ஒருவர் அதே ஆஸ்பத்திரியில் இருந்தார். எலக்ட்ரீஷியன். ஆபரேஷன் தியேட்டருக்கும் ஐசியூவுக்கும் கரண்ட் பார்க்கிறவர். ஸ்குரூவைத் திருகும்போதும், ஏணியில் ஏறும்போதும், பெரிய டாக்டர் அவசரப்படுத்தும்போதும் அவர் சொல்கிற ஒரே வார்த்தை "மெதுவா". அதனால் வார்டு முழுக்க அவருக்கு மெதுவாண்ணன் என்று பெயர். ஊசியக்கா நோட்டை அவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, நாற்பத்தோரு வரியையும் படித்தார்.

"இதை ஏன் தங்கச்சி முன்னாடியே காட்டல?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு வர்றேன். நான் வர்ற வரைக்கும் அந்த வீட்ல இரும்புல எதையும் தொடாதீங்க. பிளக்கை எல்லாம் பிடுங்கிப் போட்டுருங்க. சுவிட்சை அணைச்சாப் போதாது, பிடுங்கணும்."

ஞாயிற்றுக்கிழமை மெதுவாண்ணன் ஒரு தோல் பையும், ஒரு முழ நீள இரும்புக் கம்பியும், ஒரு சுருள் ஒயருமாக வந்து சேர்ந்தார். மேலே ஏறுவதற்கு முன் காம்பவுண்டு சுவர் ஓரத்தில் செடி வைத்திருந்த ஈர மண்ணில் அந்தக் கம்பியை அடித்து இறக்கினார். அதில் ஒயரைக் கட்டி, மறுமுனையை பால்கனி வழியாக மேலே இழுத்துக்கொண்டார். பாப்பா டிரைவரின் தோளில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"மெயினை அணைங்க" என்றார். டிரைவர் அணைத்தான்.

பிரிட்ஜின் பிளக்கை மாட்டச் சொன்னார். பையிலிருந்து வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்து, அதன் ஒரு முள்ளை மண்ணிலிருந்து வந்த ஒயரிலும், இன்னொன்றைக் கைப்பிடியிலும் வைத்தார். மணி ஆறு இருபது. எண் ஒன்றுமில்லாமல் கிடந்தது. ஆறு முப்பத்திரண்டுக்கு அது துள்ளியது. நூற்று அறுபத்தெட்டு வோல்ட்டில் போய் நின்றது.

டிரைவர் மெயின் சுவிட்சை எட்டிப் பார்த்தான். அது கீழேதான் இருந்தது.

"தங்கச்சி, நீங்க சொன்னது சரிதான்" என்றார் மெதுவாண்ணன். "இது உங்க வீட்டுக் கரண்ட்டே இல்ல."

அவர் பால்கனிச் சுவரில் சாய்ந்துகொண்டு விளக்கினார். மெஷினுக்குள் எங்காவது கரண்ட் கசிந்தால், அது எர்த் ஒயர் வழியாக இறங்கி மண்ணுக்குள் போய்விட வேண்டும். அதற்குத்தான் அந்த மூன்றாவது பின். இந்தக் கட்டடத்தில் ஆறு வீட்டு எர்த் ஒயரும் கீழே ஒன்றாகக் கட்டியிருக்கும். கட்டிய இடத்திலிருந்து மண்ணுக்குப் போகிற வழி எங்கேயோ அறுந்திருக்கிறது. யாரோ ஒருவர் வீட்டில் கசிகிற கரண்ட், இறங்க இடமில்லாமல், அதே ஒயர்களைப் பிடித்து ஆறு வீட்டுக்கும் ஏறிப் போய், பிரிட்ஜிலும் மெஷினிலும் நிற்கிறது.

"யாராவது ஈரக்காலோட தொட்டா, அவங்க உடம்பு வழியா மண்ணுக்கு இறங்கும். மெயினை அணைச்சா உங்க வீட்டுக்கு வர்ற கரண்ட்தான் நிக்கும். எர்த் ஒயருக்கு சுவிட்ச் கிடையாது."

"அப்போ அன்னைக்கு வந்த ஆளுக்கு ஏன் டெஸ்டர் எரியல?"

"அவன் எத்தனை மணிக்கு வந்தான்?"

"பன்னிரண்டு மணிக்கு."

மெதுவாண்ணன் நோட்டைத் தட்டிக் காட்டினார்.

அவர்கள் கீழே இறங்கும்போது படியில் கூட்டம் கூடிவிட்டது. மெதுவாண்ணன் வீடு வீடாக ஒரே கேள்வி கேட்டார்: எதையாவது தொட்டால் ஷாக் அடிக்கிறதா? முதலில் எல்லோரும் இல்லை என்றார்கள். பிறகு இரண்டாவது மாடியில் ஊசியக்காவுக்கு எதிர்வீட்டில் குடியிருந்த செல்போன் கடைப் பையன்கள் மூவரில் ஒருவன், தாங்கள் பிரிட்ஜ் கைப்பிடியில் பழைய சாக்ஸை மாட்டி வைத்திருப்பதாகச் சொன்னான். முதல் மாடியில் இருந்த டீச்சர், மெஷின் முன்னால் ஒரு மரப்பலகை போட்டு அதன் மேல் நின்றுதான் துணி போடுவாராம். தையல்காரர், பாயில் உட்கார்ந்துதான் அயர்ன் பாக்ஸால் துணி தேய்ப்பதாகச் சொன்னார். எல்லோருமே தங்கள் பொருள்தான் பழுது என்று நினைத்திருந்தார்கள். டீச்சர் போன மாதம் புது மெஷினே வாங்கியிருந்தார்.

"ஒருத்தர்கிட்டயாவது நீங்க யாராவது சொன்னீங்களா?" என்று ஊசியக்கா கேட்டாள். கேட்ட பிறகுதான் தானும் பக்கத்து வீடுகளில் யாரிடமும் சொல்லவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.

மாடிப்படிக்குக் கீழே மீட்டர் அறை. ஓனர் லுங்கியும் பனியனுமாக அங்கே வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இவ்வளவு பேரைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"எர்த் எல்லாம் போட்டிருக்கு. நானே பக்கத்துல நின்னு போட்டது. எட்டடிக் குழி" என்றார்.

"எங்க சார் அந்தக் குழி?" என்றார் மெதுவாண்ணன்.

ஓனர் முற்றத்தைப் பார்த்துக் கை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. முற்றம் முழுவதும் சாம்பல் நிற டைல்ஸ். கார் நிறுத்துவதற்காக இரண்டு வருடத்துக்கு முன் தரையை உயர்த்திப் போட்டது. மெதுவாண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டே குனிந்து போனார். மீட்டர் அறையிலிருந்து வந்த தடித்த செம்புக் கம்பி, டைல்ஸுக்கு நான்கு விரற்கடை மேலே, கத்தரித்த நகம் போல முடிந்திருந்தது. முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது.

"டைல்ஸ் போட்ட ஆளுங்க இடைஞ்சலா இருக்குன்னு வெட்டிட்டாங்க போல" என்றார் அவர். யாரையும் குற்றம் சொல்கிற குரலில் அல்ல.

இனி எந்த வீட்டிலிருந்து கசிகிறது என்று பார்க்க வேண்டும். மீட்டரின் ஒரு முள்ளை அந்தச் செம்புக் கம்பியிலும் இன்னொன்றை மண்ணில் அடித்த இரும்புக் கம்பியின் ஒயரிலும் வைத்துப் பிடித்தபடி மெதுவாண்ணன் ஒவ்வொரு வீட்டு மெயினாக அணைக்கச் சொன்னார். செல்போன் கடைப் பையன்கள். நூற்று அறுபத்தெட்டு. டீச்சர். நூற்று அறுபத்தெட்டு. முதல் மாடி வலது. அதே எண். தையல்காரர் அணைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். எண் அசையவில்லை. அவர் கண்ணைத் திறந்து பெருமூச்சு விட்டார்.

மிச்சம் இருந்தது ஒரே வீடு.

"என் லைன் தனி" என்றார் ஓனர். "என் வீட்ல ஒரு பிரச்சனையும் கிடையாது. இருந்தா எனக்குத் தெரியாதா? ஹீட்டர்ல தண்ணி காயுது, நான் குளிக்கப் போகணும்."

வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். அதிகம் பேசாதவர். யாரும் எதிர்பார்க்கவில்லை, அவர் சொன்னார்:

"எனக்கு இருக்கு."

"உனக்கு நரம்புத் தளர்ச்சி. டாக்டர் சொல்லியிருக்காரு" என்றார் ஓனர்.

"பாத்ரூம் குழாயைத் தொட்டா விரல் எல்லாம் மதமதன்னு வருது. ஒரு வருஷமா சொல்றேன். மத்த நேரத்துல வரல. குழாயைத் தொட்டாத்தான் வருது."

ஊசியக்காவுக்குச் சட்டென்று நினைவு வந்தது. போன மாதம்தான் ஓனரம்மா கையில் விறுவிறுப்பு என்று ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். அவள்தான் ரத்தம் எடுத்தாள். சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் எல்லாம் சரியாக இருந்தன. அத்தனையும் சரியாக இருந்தும் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"அம்மா, உங்க ரத்தத்துல ஒரு குறையும் இல்ல. நான்தான் பார்த்தேன்" என்றாள்.

ஓனரம்மா அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு கணவரைக் கேட்காமல் உள்ளே போனார். ஹீட்டர் சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது.

மெதுவாண்ணன் கையிலிருந்த மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது.

"போடுங்கம்மா" என்று சத்தமாகச் சொன்னார். நூற்று அறுபத்தெட்டு. "அணைங்க." பூஜ்யம். இன்னொரு முறை போடச் சொன்னார். அணைக்கச் சொன்னார். மூன்றாவது முறை அவர் மீட்டரை ஓனர் பக்கம் திருப்பிப் பிடித்தார். ஓனர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் தினமும் காலையிலயும் சாயங்காலமும் அந்த ஹீட்டர் தண்ணியிலதானே குளிக்கிறேன்" என்றார் கடைசியில். "எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"நீங்க பாத்ரூமுக்கு ரப்பர் செருப்பு போட்டுட்டுதான் போவீங்க" என்றார் மனைவி. "நான் வெறுங்காலோட போவேன்."

டிரைவர் அதுவரை அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது. தோளிலிருந்த பாப்பாவை இறக்கி, அவள் கையைப் பிடித்து ஓனர் முன்னால் விரித்துக் காட்டினான். "இதைப் பாருங்க சார். பழைய மெஷின்னு சொன்னீங்களே." பாப்பாவுக்கு எல்லோரும் பார்ப்பது பிடிக்கவில்லை. கையை இழுத்துக்கொண்டாள்.

ஓனர் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று மட்டுமல்ல, பிறகும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த நாளே முற்றத்தில் டைல்ஸ் உடைக்கும் சத்தம் கேட்டது. பழைய குழியைத் தோண்டியபோது உள்ளே இருந்த குழாய் துருப்பிடித்துக் கையோடு வந்தது. புதிதாகக் குழி எடுத்து, செம்புத் தகடு இறக்கி, கரியும் உப்பும் அடுக்கினார்கள். ஹீட்டரைக் கழற்றிப் பார்த்ததில் உள்ளே சூடேற்றும் கம்பி வெடித்திருந்தது. ஒவ்வொரு வீட்டு மெயினுக்குப் பக்கத்திலும் கரண்ட் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் தானே விழுந்துவிடுகிற சுவிட்ச் ஒன்றை மாட்டினார்கள். அதில் ஒரு சின்னப் பொத்தான். மாதம் ஒரு முறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும், சுவிட்ச் விழுந்தால் நல்லது, விழாவிட்டால் உடனே கூப்பிட வேண்டும் என்று மெதுவாண்ணன் எல்லா வீட்டிலும் சொல்லிக்கொடுத்தார். கடைசியாக வேறொரு கருவி கொண்டுவந்து மண்ணின் தடையை அளந்து, எண்ணையும் தேதியையும் மீட்டர் அறைச் சுவரில் பெயின்ட்டால் எழுதினார்.

"சுவரை அசிங்கம் பண்றீங்களே" என்றார் ஓனர்.

"மெதுவா அழிச்சுக்கலாம் சார்" என்றார் அவர். "அடுத்த வருஷம் அளந்து புது எண் எழுதும்போது."

அந்த வாரம் ஓனரம்மா மேலே வந்தார். இரண்டாவது மாடிக்கு அவர் ஏறி வந்தது அதுதான் முதல் தடவை. பாப்பாவுக்கு ஒரு கலர் பென்சில் பெட்டி கொண்டுவந்திருந்தார். சமையலறைப் பக்கம் போகாமல் கூடத்திலேயே உட்கார்ந்தார்.

"நான் இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கணும்" என்றார்.

"நானும்தான்மா" என்றாள் ஊசியக்கா. பிறகு இருவரும் பாப்பா எந்தப் பள்ளிக்கூடம், எந்த வகுப்பு என்று பேசினார்கள்.

டிரைவருக்கு அந்த வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை. ஓனரின் முகத்தில் விழிக்கும்போதெல்லாம் தனக்கு ரத்தம் கொதிக்கிறது என்றான். டெப்போவுக்குப் பக்கத்தில் வேறொரு வீடு பார்த்து, ஒரு மாலை அவளையும் அழைத்துக்கொண்டு போனான். புதிதாகக் கட்டியது. பெரிய ஜன்னல்கள். புரோக்கர் சமையலறை மேடையைத் தட்டிக் காட்டினார், அலமாரிகளைத் திறந்து காட்டினார்.

"எர்த் எங்க எடுத்திருக்காங்க?" என்று ஊசியக்கா கேட்டாள்.

புரோக்கர் தடுமாறினார். "நல்ல மண்ணும்மா. பத்தடி தோண்டினா தண்ணி வந்துரும்."

டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவளும் சிரித்தாள். புரோக்கர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

திரும்பி வரும் வழியில் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "அந்த வீட்ல குழி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். எத்தனை அடின்னு தெரியும். என்ன எண்ணுன்னு தெரியும். வேற எந்த வீட்டைப் பத்தியும் எனக்கு அது தெரியாது."

"ஓனர் மூஞ்சி?"

"அவர் மூஞ்சியை நான் பார்த்துக்கறேன். நீங்க படியில இறங்கும்போது செல்போனைப் பாருங்க."

ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் வந்தபோது அவள் பத்தாவதாக ஒரு பக்கம் சேர்த்துக்கொண்டு கீழே போனாள். அதில் நான்கே வரிகள். வருடத்துக்கு ஒரு முறை எர்த்தை அளக்க வேண்டும், அளந்த எண்ணை ஆறு வீட்டுக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும், முற்றத்தில் எந்த வேலை செய்தாலும் முடித்த பிறகு மறுபடியும் அளக்க வேண்டும், பழுது என்று யார் சொன்னாலும் பொருளைக் குறை சொல்வதற்கு முன் வயரிங்கைப் பார்க்க வேண்டும். ஓனர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இது எதுக்கு?"

"இருக்கட்டும் சார்."

அவர் அந்த வரியை அடித்துவிடப் பேனாவைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அடிக்காமல் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மேலே ஏறி வரும்போது ஊசியக்கா டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டி, அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள்.